அரசியலுக்கு எதற்கு டியூஷன்?

கணக்குக்கு டியூஷன் வைத்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அரசியல் அறிவியலுக்கு வைத்தால் சிரிக்கிறார்கள். "அதைப் படித்தால் புரியாதா, இரண்டு முறை வாசித்தால் போதாதா?" என்ற கேள்வி ஆசிரியர் அறைகளில் மட்டுமல்ல, பல்கலைக்கழகத் துறைகளிலும் எழுகிறது. கேட்பவர்களில் பலர் டியூஷன் என்ற ஏற்பாட்டையே கொள்கையளவில் எதிர்ப்பவர்கள். கல்வியைச் சந்தைச் சரக்காக்கியது அதுதான் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அவ்வாதத்தை முன்வைப்போர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு மேசையே டியூஷன் வகுப்பு என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அலமாரியில் புத்தகம், அப்பாவுக்கு ஓர் அபிப்பிராயம், அம்மாவுக்கு அதற்கு நேரெதிரான ஓர் அபிப்பிராயம். கட்டணமில்லாத அந்தப் பயிற்சி கிடைத்தவர்கள்தாம் "அரசியல் தானாகப் புரியும்" என்கிறார்கள்.

2025-இல் வெளியான ஒன்றிய அரசின் கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 27 விழுக்காட்டு மாணவர்கள் தனிப்பயிற்சிக்குச் செல்கிறார்கள், ஊரகத்தில் 25.5, நகரத்தில் 30.7. கிராமத்திலும் நான்கில் ஒரு பிள்ளை டியூஷனில்தான் இருக்கிறது. ஆகவே டியூஷன் வேண்டுமா என்ற விவாதம் நடைமுறையில் முடிந்துவிட்டது. எந்தப் பாடத்துக்கு, யாருக்குக் கிடைக்கிறது என்பதே மிச்சமுள்ள கேள்வி.

பங்காருபாளையத்தை எடுத்துக்கொள்ளலாம். சித்தூரிலிருந்து பலமநேர் வழியாகப் பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையோரத்து ஊர். மாங்காய்ச் சந்தைக்குப் பேர்பெற்றது. ஆந்திரத்தின் இன்டர்மீடியட் படிப்பில் எம்.பி.சி., பை.பி.சி., எம்.இ.சி., சி.இ.சி., எச்.இ.சி. என்று பிரிவுகள் உண்டு. இப்படி வரிசையாகச் சொல்லும்போதே சமூக மதிப்பின் இறங்குமுகமும் சொல்லப்பட்டுவிடுகிறது. முதலிரண்டும் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் போகும் வழி. கடைசியில் நிற்கும் எச்.இ.சி., அதாவது வரலாறு, பொருளியல், குடிமையியல், "மதிப்பெண் வராதவர்கள்" போகுமிடம் என்பது ஊர்வழக்கு. நெடுஞ்சாலை விளம்பரப் பலகைகளில் தரவரிசை எண்ணோடு சிரிக்கும் முகங்களில் எச்.இ.சி. மாணவர் முகம் இருப்பதில்லை. அந்தப் பிரிவில் படிக்கும் ஒரு மாணவி, இரு நாடுகளின் ஆட்சிமுறைகளை ஒப்பிட்டு எழுத யாரிடமாவது கற்க விரும்பினால் அவளுக்குக் கைக்கு எட்டுவது வினா-விடைக் கையேடு ஒன்றுதான்.

தமிழில் ஒப்பித்தலும் ஒப்பிடுதலும் ஒரே வேரில் கிளைத்தவை. நம் பள்ளிகள் முதலாவதைக் கற்பித்துவிட்டு இரண்டாவதற்கு மதிப்பெண் போடுகின்றன.

கடல் கடந்து இதே வயதுப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கலாம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்ற மேல்நிலைப் படிப்பு வரிசையில் ஒப்பீட்டு அரசியல் தனிப்பாடம். பிரிட்டன், ரஷ்யா, சீனா, ஈரான், மெக்சிகோ, நைஜீரியா என ஆறு நாடுகள். இரு நாடுகளை ஒப்பிட்டு விடையெழுதவும், ஒரு நிலைப்பாட்டைச் சான்றுகளோடு நிறுவவும் அதன் தேர்வு கேட்கிறது. அந்தப் படிப்பின் சுருக்கப்பெயரும் ஏ.பி. என்பது மொழியின் குறும்பு, நம் ஏ.பி.யில் அந்த ஏ.பி. இல்லை. அங்கே அந்தப் பாடத்துக்குத் தனிப்பயிற்சி ஆசிரியரைத் தேடுவதை யாரும் கேலி செய்வதில்லை. அத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்கள் எங்கிருந்தார்கள் என்பது இன்னும் சுவாரசியமானது. 2005-இல் பெங்களூரில் தொடங்கிய டியூட்டர்விஸ்டா நிறுவனம், இந்திய ஆசிரியர்களை இணையத்தின் முன் உட்காரவைத்து அமெரிக்க மாணவர்களுக்குத் தனிவகுப்பு நடத்தித்தான் வளர்ந்தது. 2011-இல் பியர்சன் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. பங்காருபாளையம் வழியாகப் போகும் சாலை முடிகிற நகரத்திலிருந்து அறிவு அட்லாண்டிக்கைத் தாண்டியது. அந்தச் சாலையோரத்து ஊர்களில் அது இறங்கவில்லை.

பங்காருபாளையத்து மாணவிக்கு ஒப்பீட்டு அரசியல் தொலைதூரச் சங்கதி என்று நினைப்பவர்கள் 2025 ஜூனை நினைவுகூர வேண்டும். தோத்தாபுரி மாங்காய் விலை சரிந்தபோது, பிற மாநிலத் தோத்தாபுரி சித்தூர் மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. எல்லைச் சோதனைச் சாவடிகளில் லாரிகள் நிறுத்தப்பட்டன. தடையை நீக்கக் கோரிக் கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். ஜூலையில் முன்னாள் முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி பங்காருபாளையம் சந்தைக்கே வந்து விவசாயிகளைச் சந்தித்தார். ஒரு கூட்டாட்சியின் உறுப்பு மாநிலம் அண்டை மாநிலச் சரக்கைத் தடுக்க முடியுமா? இந்திய அரசமைப்பின் 301-ஆவது உறுப்பு நாடெங்கும் வணிகம் தடையற்றது என்கிறது. அதைத் தொடர்ந்து வரும் உறுப்புகள் விதிவிலக்குகளை அடுக்குகின்றன. அமெரிக்காவில் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் காங்கிரஸின் அதிகாரம். ஐரோப்பிய ஒன்றியம் தனிநாடுகளின் சேர்க்கை, ஆனாலும் அங்கே சரக்கை எல்லையில் நிறுத்துவது கடினம். இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பேச ஓர் ஆசிரியருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். அந்த மாலைப்பொழுதுதான் டியூஷன். அது கிடைக்காதபோது சந்தை வாசலில் நடந்த கூட்டாட்சிப் பாடம் வெறும் மாங்காய்ச் சண்டையாகவே நினைவில் தங்கும்.

காணொளியிலும் கையேட்டிலும் இது கிடைக்கும் என்பவர்களுக்கு மொழியின் பக்கமிருந்து ஒரு பதில் உண்டு. தெலுங்கில் 'ராஷ்டிரம்' என்றால் மாநிலம். இந்தியில் அதே சொல்லுக்குத் தேசம் என்று பொருள். தெலுங்கில் தேசத்துக்கு 'தேசம்'தான். ஆனால் 1982-இல் என்.டி. ராமாராவ் தொடங்கிய மாநிலக் கட்சியின் பெயர் தெலுங்கு தேசம். குடியரசுத் தலைவரோ தெலுங்கிலும் 'ராஷ்டிரபதி'. "எந்த ராஷ்டிரத்துக்குப் பதி?" என்று ஒரு மாணவி கேட்டால் அது வேடிக்கைக் கேள்வியன்று, தேசம், அரசு, மாநிலம் ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாடு குறித்த கேள்வி, ஒப்பீட்டு அரசியலின் முதல் அத்தியாயம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இன்னொரு சிக்கல். அரசமைப்பின் முதல் உறுப்பு இந்தியாவை 'யூனியன்' என்கிறது. தமிழ்நாட்டில் 2021-க்குப் பின் 'ஒன்றிய அரசு' என்ற வழக்கு அரசின் வாயிலேயே ஏறிவிட்டது. எல்லைக்கு இந்தப்புறம் அதே அரசுக்குக் 'கேந்திரம்' என்று பெயர். ஒன்றியமும் கேந்திரமும் ஒரே நிறுவனத்தைப் பற்றிய இருவேறு கோட்பாடுகள். இரு மொழியும் அறிந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்து சொன்னால் பத்து நிமிடத்தில் விளங்கும் இதை, ஆங்கிலத்திலிருந்து அவசரமாகப் பெயர்க்கப்பட்ட கையேடு கடைசிவரை சொல்லாது.

பாடநூல்கள் ஒருகாலத்தில் இந்த வேலையில் பாதியையாவது செய்தன. என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அரசியல் நூல் பெல்ஜியத்தையும் இலங்கையையும் ஒப்பிட்டுத் தொடங்குகிறது. 1956-இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய நாடு ஒன்று. 1970 முதல் 1993 வரை நான்கு முறை அரசமைப்பைத் திருத்தி மொழிக்குழுக்களுக்கு அதிகாரம் பகிர்ந்த நாடு இன்னொன்று. இந்த ஒப்பீட்டில் தமிழ் மாணவருக்கு மூன்றாவதாக இந்தியாவையும் சேர்க்கத் தோன்றும். ஆல்ஃபிரட் ஸ்டெபன், யுவான் லின்ஸ், யோகேந்திர யாதவ் மூவரும் 2011-இல் வெளியிட்ட நூலில் இந்தியத் தமிழரையும் இலங்கைத் தமிழரையும் இரு அரசுகள் நடத்திய விதத்தைத்தான் அருகருகே வைத்து ஆராய்ந்தார்கள். ஆனால் அதே பத்தாம் வகுப்பு நூலில் நேபாளத்தின் ஜனநாயகப் போராட்டத்தையும் பொலிவியாவின் தண்ணீர்ப் போராட்டத்தையும் ஒப்பிட்ட அத்தியாயம் 2022-இல் சுமைக்குறைப்பு என்ற பெயரில் நீக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் பனிப்போரும் அமெரிக்க மேலாதிக்கமும் போயின. வெட்டப்பட்ட நூல்களில் தங்கள் பெயர் இருக்கக்கூடாது என்று முதன்மை ஆலோசகர்களான சுகாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் 2023-இல் எழுதிக் கேட்டார்கள். பல்கலைக்கழகங்களில் அப்போது கண்டன அறிக்கைகளுக்குக் குறைவில்லை. அந்த இரண்டு அத்தியாயங்களையும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நடத்துவோம் என்று முடிந்த அறிக்கை எது?

2022-இல் வந்த க்யூட் நுழைவுத்தேர்வு நிலைமையை மேலும் நெருக்கியது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை அரசியல் அறிவியல் சேர விரும்பும் மாணவி நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்குப் பயிற்சி மையங்கள் முளைத்துவிட்டன. ஆக, அரசியலுக்கு டியூஷன் வந்தே விட்டது. வந்தது ஒப்பித்தலுக்கான டியூஷன். சேர்ந்த பிறகு முதல் பருவத்தில் அவளிடம் கட்டுரை கேட்கப்படும். அவளால் எழுத முடியாதபோது "கிராமப்புற மாணவர்களின் தரம்" பற்றிப் பேராசிரியர்கள் தேநீர் இடைவேளையில் கவலைப்படுவார்கள்.

பழியில் பெரும்பங்கு அந்தத் தேநீர் இடைவேளைக்கே. 1954 முதல் திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. 1997 முதல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தென்மொழிகளை அருகருகே வைத்து ஆராய்வதற்கென்றே எழுந்த நிறுவனம். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், மக்கள் வரிப்பணம். இவ்வளவும் இருக்க, பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஒப்பிடக் கற்றுக்கொடுப்பது ஆய்வாளரின் தகுதிக்குக் குறைவானது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? கருத்தரங்கில் பன்னிரண்டு பேர் முன் வாசிக்கும் கட்டுரைக்குச் சான்றிதழ் உண்டு. பள்ளியில் நாற்பது பேருக்கு எடுக்கும் வகுப்புக்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்களைத் தெருவுக்கு அழைத்துவந்தது. அதுவும் எட்டாம் வகுப்போடு நின்றது.

ஆய்வாளர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகிறது, நெறியாளரின் வீட்டு வேலைவரை தலையில் விழுகிறது. இதற்குமேல் சேவை என்ற பெயரில் ஊதியமில்லா உழைப்பைச் சுமத்துவது அநீதி. ஆகவே சேவை வேண்டாம். வேலையாகவே இருக்கட்டும். ஆய்வுப் படிப்பின் மதிப்பீட்டில் இரண்டு புள்ளி, போக்குவரத்துச் செலவு, வாரம் மூன்று மணி நேரம், அரசு ஜூனியர் கல்லூரியில் ஓர் அறை. தெலுங்கிலும் தமிழிலும் பேசத் தெரிந்தவருக்கு முன்னுரிமை. பல்கலைக்கழகக் கல்விப்பேரவை ஒரே கூட்டத்தில் தீர்மானித்துவிடக்கூடிய காரியம் இது. அடுத்த தோத்தாபுரிப் பருவத்துக்குள் முதல் வகுப்பைத் தொடங்கிவிடலாம்.