லான்ட்மாஸ்டருக்குப் புதுக்கோலம் வேண்டாம்

இங்கிலாந்தில் பழைய உழவு இயந்திரங்களைத் திருத்திப் பேணுவோர் பலர் உள்ளனர். 1946 முதல் 1956 வரை கொவென்றியில் உற்பத்தியான பேர்கசன் இயந்திரத்துக்கு அதே சாம்பல் நிறம் பூசி, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் கோலத்துக்கு மீட்பதே அவர்களிற் பலரின் இலட்சியம்.

எமக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்பதே எனது கருத்து.

நொட்டிங்ஹாமுக்கு அருகே ஹக்னலில் தயாரான லான்ட்மாஸ்டரின் பெயர், எம்மூரில் இருசில்லு உழவு இயந்திரங்கள் அனைத்துக்கும் பொதுப் பெயராயிற்று. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைப்பட்டபோது, சில துளி பெற்றோலில் எஞ்சினை முடுக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடச் செய்தவர்கள் எமது கராஜ்காரர்கள். பேர்கசனிலும் பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய் போன்றதோர் எரிபொருளில் ஓடும் வகையொன்று இருந்தது. அங்கே தொழிற்சாலை செய்ததை இங்கே பற்றாக்குறை செய்வித்தது. 1995 ஒக்ரோபர் 30இல் தொடங்கிய வலிகாம இடப்பெயர்வில் முதியோரையும் மூட்டைகளையும் சுமந்தவற்றுள் லான்ட்மாஸ்டர் பெட்டிகளும் உண்டு.

ஆகவே, பழைய இயந்திரத்தைத் திருத்துவோர் ஒட்டுப்போட்ட தகட்டையும் மாற்றிப் பூட்டிய எண்ணெய்த் தாங்கியையும் குறையெனக் கழற்றி எறியவேண்டாம். ஓடுவதற்குத் தேவையானதை மட்டும் மாற்றுங்கள். துருப் பரவாமல் எண்ணெய் பூசுங்கள். ஒவ்வொரு மாற்றமும் எப்போது, எதற்காகச் செய்யப்பட்டதென உரியவரைக் கேட்டு எழுதி வையுங்கள். பழைய இரும்போடு போய்விட்டால் அந்தச் சாட்சியம் மீளாது.