விக்கிரமங்கலத்து மண் எங்கே போகிறது?

விக்கிரமங்கலத்தில் ஒரு பெருமழை பெய்து ஓய்ந்ததும், தெரு ஓரம் ஓடும் தண்ணீரைக் கவனித்துப் பாருங்கள். வானத்தில் இருந்து விழும்போது அது தெளிந்த தண்ணீர். வாய்க்காலில் இறங்கும்போது கலங்கல் தண்ணீர். அதை ஒரு சொம்பில் மொண்டு திண்ணையில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் பாருங்கள். மேலே தண்ணீர் தெளிந்திருக்கும். அடியில் வண்டல் படிந்திருக்கும்.

அந்தச் சொம்புக்குள் நடந்ததுதான், அரியலூர், பெரம்பலூர் சீமை முழுவதும் கோடிக் கணக்கான ஆண்டுகளாக நடந்து வருகிறது. மேட்டிலே கல் நொறுங்குகிறது. நொறுங்கியதைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. ஓட்டம் தளர்ந்த இடத்தில் அதைப் போட்டுவிட்டுப் போகிறது. நொறுங்குவது, அரிப்பது, படிவது. இந்த மூன்றும் சேர்ந்துதான் மலையைக் குறைக்கின்றன, வயலை உண்டாக்குகின்றன.

இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சொம்பின் அடியில் இருக்கும் வண்டல் யாருடைய சொத்து? யாரோ ஒரு குடியானவர் எருவும் தழையும் போட்டு வளர்த்த மேல் மண் அது. அவர் வீட்டுப் பத்திரத்தில் நிலம் குறையாமல் இருக்கும். வயலில் குறைந்துகொண்டே போகும்!

கடல் இருந்த இடம்

இந்தச் சீமை ஒரு காலத்தில் கடலாக இருந்தது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்று நெல்லும் முந்திரியும் விளையும் பக்கங்களில் அலை அடித்தது. மேற்கே இருந்த மேட்டு நிலத்தில் இருந்து ஆறுகள் மண்ணையும் மணலையும் கொண்டுவந்து அந்தக் கடலில் கொட்டின. சிப்பிகளும், நத்தையைப் போலச் சுருண்ட ஓடுகளை உடைய உயிர்களும் அந்தச் சேற்றில் புதைந்தன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தை எத்தனையோ பள்ளிப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். சுமார் 60 அடி நீளம். கரையில் வளர்ந்த அந்த மரம், தண்ணீரில் அடித்துவரப்பட்டுச் சேற்றில் புதைந்தது. மரம் போய்க் கல் ஆயிற்று. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் அதை உலகுக்குத் தெரிவித்தார்.

கடல் பின்வாங்கியது. சிப்பி மண்டிய சேறு இறுகிச் சுண்ணாம்புக் கல்லாக நின்றது. அதை வெட்டித்தான் அரியலூரில் சிமெண்டு செய்கிறார்கள். புது வீடு கட்டுகிறவர் பூசும் சிமெண்டில், கோடி ஆண்டுகளுக்கு முன்பு செத்த சிப்பியும் இருக்கிறது என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் உண்மை அதுதான். அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால், அந்தச் சிப்பிகளை நேரிலேயே காட்டலாம்.

பெரம்பலூர்ப் பக்கம் காரை என்ற ஊர் இருக்கிறது. அங்கே பழைய கடலின் களிமண் வெளியே தெரிகிறது. மழை அதைக் கத்தி கொண்டு அறுத்தது போல் அறுத்திருக்கிறது. எங்கே பார்த்தாலும் ஓடைகள், மேடுகள், பள்ளங்கள். மண்ணைப் பிடித்து நிறுத்த மரமும் புல்லும் இல்லாத நிலம் என்ன ஆகும் என்பதை அறிய வேறு புத்தகம் வேண்டியதில்லை.

கல் எப்படி நொறுங்குகிறது?

பகல் வெயிலில் கல் சூடேறுகிறது, இரவில் ஆறுகிறது. சூட்டில் சற்று விரியும். குளிர்ச்சியில் சற்றுச் சுருங்கும். நாள்தோறும் இப்படி நடந்தால், எப்பேர்ப்பட்ட பாறையிலும் ஒரு நாள் வெடிப்பு விழும். வெடிப்பில் தண்ணீர் இறங்கும். ஆல விதை ஒன்று விழுந்தால் போதும். வேர் பருத்து, பாறையை நெம்பிப் பிளந்துவிடும். மழைத் தண்ணீர் காற்றில் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான புளிப்பு ஏறி விழுகிறது. அது சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. 

இதெல்லாம் மெதுவான வேலை. கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் கட்டிய கோவில் ஆயிரம் ஆண்டு வெயிலையும் மழையையும் பார்த்துவிட்டு இன்னும் நிற்கிறது. அங்கே மதில் சிதைந்து கிடப்பதற்கு மழை மேல் மட்டும் பழி போடக் கூடாது. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, கோவிலின் கற்களைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிப் போனார்கள். ஆயிரம் ஆண்டு மழையால் ஆகாததை மனிதன் சில மாதங்களில் செய்து முடித்தான்.

கவனிக்க வேண்டியது இதைத்தான். கல் மண்ணாவதற்குக் காலம் பிடிக்கும். ஓர் அங்குல மேல் மண் உண்டாக நூற்றுக் கணக்கான ஆண்டுகள் ஆகும். அது போவதற்கு ஓர் இரவு போதும்.

ஓர் இரவு என்ன செய்யும் என்பது அரியலூர் மக்களுக்குத் தெரியும். 1956-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி விடியற்காலை, சென்னையில் இருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ரெயில், அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. பெருமழையால் பெருகிய வெள்ளம், பாலத்துக் கரையை அரித்துவிட்டிருந்தது. 140 பேருக்கு மேல் மாண்டார்கள். ரெயில்வே மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பு ஏற்றுப் பதவியை விட்டு விலகினார். கோடையில் குழந்தைகள் மணலில் ஓடி விளையாடும் சிற்றாறுதான் அது!

கொள்ளிடமும் மணலும்

விக்கிரமங்கலத்துக்குத் தெற்கே கொள்ளிடம் ஓடுகிறது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரியும்போது, கொள்ளிடம் சரிவான வழியைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் சரிவைத் தேடித்தானே போகும்? அதனால் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியில் ஓட்டம் குறைந்து, அதன் படுகை மணல் ஏறி மேடாகிக்கொண்டே வந்தது. தஞ்சைச் சீமை காய்ந்துபோகும் நிலை வந்தது. அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836-ல் முக்கொம்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். ஆறு மணலைப் போடும் இடம் மாறினால், ஒரு சீமையின் சோறே போய்விடும் என்பதற்கு இது சான்று. அந்த மேலணையிலும் 2018 ஆகஸ்டு 22-ந் தேதி இரவு, கொள்ளிடத்துப் பக்கம் இருந்த 45 மதகுகளில் 9 மதகுகள் வெள்ளத்தில் போய்விட்டன.

ஆற்று மணல் இலவசமாக வருகிறது, எவ்வளவு அள்ளினாலும் அடுத்த வெள்ளத்தில் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. மேலே இருந்து வரும் மணலை 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணை தடுத்து நிறுத்திக்கொள்கிறது. பவானியில் வரும் மணலை 1955 முதல் பவானிசாகர் அணை நிறுத்திக்கொள்கிறது. வரவு குறைந்த வீட்டில் செலவைக் கூட்டினால் என்ன ஆகும்? ஆற்றுப் படுகை தாழும். அதோடு கரையோரக் கிணற்றில் தண்ணீரும் தாழும். பாலத்தின் கால்கள் வெளியே தெரியும்.

ஆற்றில் மணல் இல்லை என்று ஒரு பக்கம் புலம்பல். ஏரியில் மண் மேடாகிவிட்டது என்று இன்னொரு பக்கம் புலம்பல். ராஜேந்திரன் வெட்டிய பொன்னேரியும் இந்தக் கதிக்குத் தப்பவில்லை. ஏரியைத் தூர் வார அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான். ஆனால் ஏரியில் சேர்ந்த மண், மேல் வயல்களில் இருந்து வந்த மண். அங்கே அதை நிறுத்தாமல், இங்கே வாரிக்கொண்டே இருந்தால் வேலை முடியாது. ஓட்டைப் பானையின் கீழே இன்னொரு பானை வைத்த கதைதான்.

மண்ணை நிறுத்துவதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். சரிவோடு உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால் ஆகிவிடும். வரப்பை உயர்த்திக் கட்ட வேண்டும். வரப்பு ஓரத்தில் வெட்டிவேர் வைக்கலாம்; ஏரிக் கரையில் பனை வைக்கலாம். முன்னோர்கள் ஏரிக் கரைகளில் பனை வைத்தது நுங்குக்காக மட்டும் அல்ல.

போன மண்ணைத் திரும்பக் கொண்டுவரவும் வழி இருக்கிறது. முன்பெல்லாம் சித்திரை, வைகாசியில் ஏரி காய்ந்ததும், ஊரே மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வண்டல் எடுக்கப் போகும். இடையில் அந்த வழக்கம் பல ஊர்களில் விட்டுப்போயிற்று. உரக் கடை இருக்கும்போது வண்டல் எதற்கு என்று நினைத்தார்கள். விவசாயிகள் தாசில்தாரிடம் அனுமதி பெற்று, ஏரி வண்டலைக் கட்டணம் இல்லாமல் எடுத்துக்கொள்ளும்படி 2024-ல் தமிழக அரசு விதியை எளிதாக்கியது. வண்டல் உழவருடைய வயலுக்குப் போகிறதா, அவர் பெயரைச் சொல்லி வேறு எங்காவது போகிறதா என்பதை அதிகாரிகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். உழவர்களும் ஏரி காய்ந்த பிறகு மனு எழுதத் தொடங்கினால், அனுமதி வருவதற்குள் மழை வந்துவிடும். மாசியிலேயே மனுவைக் கொடுத்துவிடுவது நல்லது.