கேமராவுக்குக் காது எதுக்கு?

1/ ஆஸ்பத்திரியில கேமரா வைக்கணும்னு எல்லாரும் சொல்றோம். சரி. அதோட மைக் ஆன்ல இருக்கணுமான்னு யாரும் கேக்கறதில்ல.

2/ நெட்வொர்க் கேமராவில் ஆடியோ மூணு வகை.
சிம்ப்ளெக்ஸ்: கேட்க மட்டும், அல்லது பேச மட்டும்.
ஹாஃப் டூப்ளெக்ஸ்: வாக்கி டாக்கி மாதிரி மாறி மாறி.
ஃபுல் டூப்ளெக்ஸ்: போன் மாதிரி ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும்.

3/ கூட்டத்துக்குப் பேச மட்டும் இருந்தா போதும். 2019-ல நம்ம காஞ்சியில அத்திவரதர் தரிசனம், 48 நாள் நெரிசல். அங்க அறிவிப்பு காதுல விழணும், பதில் தேவையில்ல.

4/ ராத்திரி கேஷுவாலிட்டி வாசல்ல தனியா நிக்கிற நர்ஸ் உதவி கேக்கணும், பதிலும் வரணும். ஹாஃப் டூப்ளெக்ஸ் போதும். இரைச்சலான இடத்துல எக்கோ கேன்சலேஷன் இல்லாத ஃபுல் டூப்ளெக்ஸ் வச்சா, ஸ்பீக்கர் சத்தமே மைக்ல ஏறி ஒண்ணும் புரியாது.

5/ காவல் நிலைய கேமராவில் ஆடியோவும் பதிவாகணும்னு உச்ச நீதிமன்றம் 2020-ல சொன்னது சரிதான். அங்க கண்காணிக்கப்படறது அதிகாரம்.

6/ ஓ.பி.யில கேட்கப்படறது நோயாளி. எச்.ஐ.வி., கருக்கலைப்பு, வீட்டுக்காரர் அடிச்சது எல்லாம் அங்கதான் வாய் திறந்து சொல்வாங்க. எச்.ஐ.வி. விவரம் ரகசியம்னு 2017 சட்டமே சொல்லுது.

7/ ஓ.பி. அறைக்குள்ள கேமராவே வேணாம். கதவு சாத்தறது அபூர்வம், அதனால வராண்டா கேமராவிலும் மைக் ஆஃப். இதை டெண்டர்லயே எழுதுங்க. மாட்டினப்புறம் யாரும் அணைக்க மாட்டாங்க.