நாற்பத்தெட்டு விழுக்காட்டுப் பிள்ளைக்கு நாற்காலி எங்கே?

மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் மும்பையில் உள்ள நம் சங்கங்களுக்கெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிடும். தாராவியிலும் சயான் கோளிவாடாவிலும் அந்தாப் ஹில்லிலும் மலாடிலும் சுவரொட்டி ஒட்டுவார்கள். தொண்ணூறுக்கு மேல் வாங்கிய மாணவமணிகள் பெயர் கொடுக்க வேண்டும் என்பார்கள். பிறகு விழா, கேடயம், சால்வை, நாலு தலைவர்களின் பேச்சு. நல்லதுதான். எட்டுக்குப் பத்து அறையில், மேலே மாமியார் குறட்டை, கீழே தண்ணீர்ச் சண்டை, இதற்கு நடுவே தொண்ணூறு வாங்கிய பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அதே சாலில் நாற்பத்தெட்டு வாங்கிய பிள்ளையின் பெயரை எந்தச் சங்கம் எழுதி வைத்திருக்கிறது?

அவன் என்ன ஆனான் என்று விசாரித்துப் பாருங்கள். ஒருவன் தோல் பட்டறையில் பசை தடவிக்கொண்டிருப்பான். இன்னொருவன் மாமாவின் இட்லிக் கடையில் அண்டா கழுவுவான். பெண் பிள்ளையாக இருந்தால், "ஊருக்கு அனுப்பிட்டோம் அண்ணாச்சி, அங்கே ஒரு இடம் வந்திருக்கு" என்பார்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு வந்த அந்த இடம் கல்லூரி இடம் அல்ல.

கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். "இந்த மார்க்குக்கு எந்தக் காலேஜில் சீட் கொடுப்பான்?" இது உண்மைதானா என்று கணக்குப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நான் பத்தாவதோடு நின்றவன். ஆனாலும் ரயில்வே குமாஸ்தாவுக்குக் கணக்கும் படிவமும் கொஞ்சம் தெரியும். பார்ப்போம்.

2025 ஆம் ஆண்டுத் தேர்வில் மராட்டிய மாநிலத்தில் தேர்ச்சி 94.10 விழுக்காடு. தேறியவர்கள் ஏறத்தாழ பதினாலரை லட்சம் பேர். அந்த ஆண்டுதான் பதினோராம் வகுப்புச் சேர்க்கையை மாநிலம் முழுவதற்கும் ஒரே ஆன்லைன் முறையாக்கினார்கள். அதில் காட்டப்பட்ட இடங்கள் 21 லட்சத்துக்கு மேல். தேறிய அத்தனை பேரும் வந்து உட்கார்ந்தாலும் ஆறு லட்சம் நாற்காலி காலியாகக் கிடக்கும். இடம் இல்லை என்று யார் சொன்னது?

உடனே ஒரு நண்பர் எழுந்து, அந்த நாற்காலிகள் எல்லாம் மாதுங்காவிலும் சர்ச்கேட்டிலுமா இருக்கின்றன என்று கேட்பார். இல்லைதான். பேர் பெற்ற கல்லூரிகளில் தொண்ணூறுக்குக் கீழே தலை காட்ட முடியாது. காலியிடங்களில் வாத்தியார் ஒழுங்காக வராத கல்லூரிகளும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் பெயரை மட்டும் பதிந்துவிட்டு வருவதை நான் படிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில், கல்யாண் வரையிலும் மான்குர்த் வரையிலும், நாற்பதும் ஐம்பதும் வாங்கிய பிள்ளைகளைச் சேர்த்து ஒழுங்காகப் பாடம் நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன. நமக்கு அவற்றின் பெயர் தெரிவதில்லை, அவ்வளவே. தூரம் என்று பயப்படுகிறவர்களுக்கு என் இலாகாச் செய்தி ஒன்று: வீட்டிலிருந்து கல்விக்கூடம் போய்வர, பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரைக்கும், ஆண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம் என்பது ரயில்வே விதி. கல்லூரியில் சான்று வாங்கி வந்து கவுண்டரில் கேளுங்கள். கேட்காதவனுக்கு எந்தக் குமாஸ்தாவும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

நம் பிள்ளைகளை வெளியே நிறுத்துவது மார்க்கைவிடப் படிவம்தான் என்பது என் அனுபவம். பத்துக் கல்லூரிகள் வரை விருப்பம் எழுதலாம். நம் பிள்ளை என்ன செய்கிறான்? தோழன் எழுதிய அதே மூன்று பெரிய கல்லூரிகளை எழுதிவிட்டு, இன்டர்நெட் கடைக்காரரிடம் ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறான். இடம் வரவில்லை என்றதும் வீட்டில் அழுகை. இன்னொரு வகை உண்டு. முதல் விருப்பமாக எதையோ எழுதி, அது கிடைத்து, பிடிக்கவில்லை என்று சேராமல் விட்டுவிடுகிறான். முதல் விருப்பம் கிடைத்தும் சேராதவனை அடுத்த சுற்றுகளில் சேர்ப்பதில்லை. எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் மிச்சம் மீதிக்குத்தான் வர முடியும். இந்த ஒரு விதி தெரியாமல் நல்ல இடத்தை இழந்தவர்கள் நம் பகுதியில் ஒருவர் இருவரல்ல.

தாய்மொழி விஷயத்துக்கு வருவோம். மொழிச் சிறுபான்மை யார் என்பதை மாநிலத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002 இல் சொல்லிவிட்டது. ஆகவே மராட்டியத்தில் தமிழன் மொழிச் சிறுபான்மையினன். சிறுபான்மை நிறுவனமாகப் பதிவு பெற்ற ஜூனியர் காலேஜில் பாதி இடம் அந்தச் சிறுபான்மைக்கு உரியது. எந்தக் கல்லூரி எந்த மொழிக்குப் பதிவாகியிருக்கிறது என்று பட்டியலிலேயே பார்க்கலாம். கேட்க ஆளில்லாமல் மீந்த இடம் பொதுச் சுற்றுக்குப் போய்விடுகிறது. இதற்குப் பள்ளியின் லீவிங் சர்டிபிகேட்டில் தாய்மொழி தமிழ் என்று இருக்க வேண்டும். நாகரிகம் என்று நினைத்தோ, பிள்ளை கேலிக்கு ஆளாகக் கூடாது என்றோ முதல் வகுப்பில் இந்தி என்றும் ஆங்கிலம் என்றும் எழுதிக்கொடுத்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் தமிழில் திட்டிவிட்டு ஏட்டில் ஆங்கிலம் என்று எழுதினால் யாருக்கு நட்டம்?

அடுத்தது சாதிச் சான்று. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நெல்லைச் சீமையிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை, ஊர் தாசில்தார் கொடுத்த சான்றை எடுத்துக்கொண்டு இங்கே மாநில ஒதுக்கீட்டில் இடம் கேட்டால் கிடைக்காது. மும்பை மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட ஓர் ஆந்திர மாணவரின் வழக்கில் 1990 இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 2018 இல் அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்தது. பட்டியல் சாதிக்கு 1950 ஆகஸ்ட் 10, இதர பிற்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13. அந்தத் தேதியில் உங்கள் முன்னோர் இந்த மாநிலத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். ஊரில் சேரியில் வைத்த சாதி, தாதர் ஸ்டேஷனில் இறங்கியதும் நம்மைவிட்டு இறங்கிவிடுவதில்லை. குடிசையிலும் கூடவே வருகிறது, சாக்கடை அள்ளும் வேலையிலும் கூடவே வருகிறது. ஒதுக்கீடு மட்டும் மாநில எல்லையில் நின்றுவிடுகிறது. இது அநீதி. இதை மாற்றும்படி நாம் தொடர்ந்து கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஆனால் சட்டம் மாறும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தாராவியில் நம்மவர்கள் குடியேறியது நேற்று அல்ல. தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் பேரன், கொள்ளுப்பேரன் இன்று பள்ளியில் இருக்கிறான். தாத்தா 1950க்கு முன்பே இங்கே இருந்தவராக இருந்தால் அதற்குத் தடயம் எங்காவது இருக்கும். மாநகராட்சிப் பள்ளியின் ஜெனரல் ரிஜிஸ்டர், பிறப்புப் பதிவு, அறை வாடகை ரசீது, மில் பாஸ், ரயில்வேயில் இருந்தவரானால் சர்வீஸ் புத்தகம். பரண் மேல் இருக்கும் தகரப்பெட்டியை இறக்கிப் பாருங்கள். பழைய காகிதம் என்று தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது அடுப்பில் போட்ட குடும்பங்களும் உண்டு. சான்று கிடைத்த பிறகு தொழிற்படிப்பில் ஒதுக்கீட்டு இடம் கேட்க 'காஸ்ட் வேலிடிட்டி' வேறு வாங்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆகவே தேர்வு முடிவு வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை. பிள்ளை ஒன்பதாவது படிக்கும்போதே தொடங்க வேண்டிய வேலை இது.

1950க்குப் பின் வந்தவர்கள் ஊர்ச் சான்றைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். ரயில்வே போன்ற மத்திய அரசு வேலைகளுக்கும் மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் அது செல்லும். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்கும், இங்கே படித்த பிள்ளை தமிழ்நாட்டுப் பிறப்பிடச் சான்று வாங்கிக்கொண்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கே அரசுப் பள்ளி மாணவருக்குத் தரும் 7.5 விழுக்காடு நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. அது தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு.

ஒன்றிரண்டு பாடத்தில் தவறிய பிள்ளைக்கும் கதவு அடைபடவில்லை. ஏ.டி.கே.டி. என்று பதினொன்றில் சேரலாம். ஜூன், ஜூலையில் துணைத் தேர்வும் இருக்கிறது. பாலிடெக்னிக்குக்குப் பத்தாவதில் 35 விழுக்காடு போதும். டிப்ளமா முடித்தவன் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர முடியும். ஐ.டி.ஐ.யில் சில தொழில்களுக்குப் பத்தாவது தவறியவனையும் எடுக்கிறார்கள். பள்ளியை விட்டு நின்றுவிட்டவன் 17 ஆம் எண் படிவம் நிரப்பித் தனித்தேர்வராக எழுதலாம். இத்தனையும் அரசாங்கமே வைத்திருக்கும் வழி.

ரயில்வே வேலையை எல்லோரும் கேட்கிறீர்கள், அதனால் அதன் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பரேல், மாதுங்கா ஒர்க்‌ஷாப்புகளில் அப்ரண்டிஸ் ஆக ஐ.டி.ஐ. மட்டும் போதாது, பத்தாவதில் 50 விழுக்காடும் வேண்டும். நாற்பத்தெட்டு வாங்கியவன் அந்த இரண்டு விழுக்காட்டில்தான் நிற்கிறான். தேறியவனும் மார்க்கை உயர்த்த மறுபடி எழுதலாம் என்று மராட்டியத் தேர்வு வாரியத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. அதைப் பற்றி அவனிடம் யார் சொன்னார்கள்? டிக்கெட் கிளார்க், ஜூனியர் கிளார்க் வேலைகளுக்குப் பன்னிரண்டாவதில் 50 கேட்கிறார்கள். ஆனால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அந்த ஐம்பது கட்டாயமில்லை. பன்னிரண்டாவதுக்கு மேல் படித்துத் தகுதி பெற்றவனுக்கும் கட்டாயமில்லை. அதாவது பன்னிரண்டாவதில் 46 வாங்கியவன், பகலில் கடையில் நின்றுகொண்டு, 1971 முதல் நடக்கும் மும்பைப் பல்கலைக்கழகத் தபால் வழியிலோ, நாசிக்கில் 1989 இல் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ ஒரு பட்டம் வாங்கிவிட்டால், அந்த 46 அவனைத் தடுக்காது. பி.ஏ. படித்து என்ன கிழிக்கப் போகிறான் என்று கேட்கும் பெரியவர்களுக்கு இதுதான் என் பதில்.

பணம் கொடுத்து இடம் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவனை வாசலோடு அனுப்புங்கள். டொனேஷன் வாங்குவதைத் தடை செய்து மராட்டியத்தில் 1987 லேயே சட்டம் வந்துவிட்டது. காலியாகக் கிடக்கும் நாற்காலிக்குத் தாலிக்கொடியை அடகு வைப்பானேன்? எவனாவது மூன்று மாதத்தில் பட்டம் என்றால், போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிடுகிறது, அதைப் பாருங்கள்.

"படிக்காத பயலை எதற்கு ஐயா வற்புறுத்துகிறீர்கள், கைத்தொழில் கற்கட்டுமே" என்று நம் சங்கத்திலேயே மூத்த தோழர் ஒருவர் வாதாடினார். கைத்தொழிலை நான் இழிவாகச் சொல்லவில்லை, அதற்குத்தான் ஐ.டி.ஐ. இருக்கிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளை ஒருநாள் திடீரென்று ஆங்கிலப் புத்தகத்தின் முன்னால் உட்காருகிறது. வீட்டில் விளக்கம் கேட்க ஆளில்லை. மாலையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர்க் குடம் பிடித்துவிட்டு அது வாங்கிய நாற்பத்தெட்டையும், மாதம் ஐயாயிரம் கொடுத்து டியூஷன் வைத்துக்கொண்டவன் வாங்கிய நாற்பத்தெட்டையும் ஒரே தராசில் நிறுக்க நான் தயாரில்லை. இன்னொன்றும் கேட்கிறேன்: வசதியுள்ள வீட்டில் பையன் நாற்பத்தெட்டு வாங்கினால் அவனைப் பட்டறைக்கா அனுப்புகிறார்கள்? மறு வாரமே ஏதோ ஒரு கல்லூரியில் அவன் இருப்பான். பட்டறை ஏழைப் பிள்ளைக்கு மட்டும் ஏன் நினைவுக்கு வருகிறது?

எனவே வருகிற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். பாராட்டு விழாச் செலவில் பாதியைக் குறைக்க வேண்டும். சால்வையை நிறுத்தினாலே கால்வாசி மிச்சம். அந்தப் பணத்தில் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஞாயிறுதோறும் சங்க அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், விவரம் தெரிந்த இரண்டு பேர் இருக்க வேண்டும். இப்போது கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளே அதற்குப் போதும். கேடயம் வாங்கியவர்கள் முதலில் வரட்டும். ஒவ்வொரு சாலிலும் பத்தாவது எழுதும் பிள்ளைகளின் பெயரை, மார்க் வருவதற்கு முன்பே, தாய்மார்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளுக்கு லீவிங் சர்டிபிகேட்டில் போகப்போகும் தாய்மொழி, பெயர், பிறந்த தேதி எல்லாம் பள்ளி ஏட்டில் சரியாக இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளை பள்ளியில் இருக்கும்போது திருத்துவது எளிது, வெளியே வந்த பிறகு அலைச்சல்.

ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை நான் சங்க அறையில் இருப்பேன். இரவு டூட்டி உள்ள வாரம் மட்டும் பன்னிரண்டுக்கு வருவேன். தகரப்பெட்டியில் கிடைத்த காகிதம் எதுவானாலும், கிழிந்திருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.