குற்றால சீசன் கடைகள்: பெயர் இல்லாத உணவுத் திருவிழாவுக்கு யார் பொறுப்பு?

ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலையைத் துவட்டியும் துவட்டாமலும் கடைப்பக்கம் வருகிறோம். சாரல் விடவில்லை. அருவிக்கடியில் ஒரு மணி நேரம் நின்றவனுக்கு வருகிற பசி இருக்கே, அது வேற பசி. சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. இரும்புப் பீப்பாயைப் பாதியாக அறுத்துச் செய்த கரி அடுப்பு. மேலே கம்பி வலையில் வரிசையாகக் கோழி. விசிறிக்கொண்டிருந்த தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, சாரல்ல கரி நனைஞ்சிட்டு. கால் மணி நேரம் பொறுங்க. இப்ப எடுத்தா எலும்புப் பக்கம் வேகாது."

என்னோடு நின்ற நாலு பேரும் பொறுக்கவில்லை. அடுத்த கடையில் கேட்ட மாத்திரத்தில் தட்டு வந்தது. கூட்டமும் அங்கேதான் போனது. உண்மையைச் சொன்னவருக்கு வியாபாரம் போச்சு. குற்றால சீசன் சாப்பாட்டைப் பற்றி நான் சொல்ல வருவது எல்லாம் இந்தக் கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

சென்னையில் மூன்று நாள் நடந்தால் அதற்குப் பெயர் உணவுத் திருவிழா. மேடை, தண்ணீர், கழிப்பறை, அதிகாரிகள் எல்லாம் வரும். இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதம் நடக்கிறது. ஆனால் இதற்கு 'சீசன் கடை' என்றுதான் பெயர். பெயர் இல்லாததால் இதற்குப் பொறுப்பேற்கவும் ஆள் இல்லை. இந்தக் கடைகளை ஒரு திருவிழாவாகவே நடத்த வேண்டும், அதுவும் இங்கேயே கடை போடுகிறவர்களைக் கொண்டே நடத்த வேண்டும் என்பதுதான் என் வாதம்.

கரி அடுப்பு எங்கிருந்து வந்தது?

'பார்பிக்யூ' என்ற சொல்லின் வேர் கரீபியத் தீவுகளில் இருக்கிறது. அங்கே வாழ்ந்த டைனோ மக்கள் மரச்சட்டத்தின் மேல் இறைச்சியை வைத்துத் தீயில் வாட்டினார்கள். ஸ்பானியர்கள் அதை 'பார்பகோவா' என்று எழுதிக்கொள்ள, அதுவே ஆங்கிலத்துக்குப் போய் நம் ஊர் பெயர்ப்பலகை வரைக்கும் வந்துவிட்டது. 'அல்ஃபாம்' என்பது அரபுச் சொல். கரி என்று பொருள். வளைகுடா போய்த் திரும்பிய மலையாளிகள் வழியாகக் கேரளத்தில் பரவிய பண்டம் அது. கொல்லத்துக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஆரியங்காவு கணவாய் மட்டும்தானே! சாரல் வருகிற அதே வழியில் அல்ஃபாமும் வந்து சேர்ந்தது.

பெருநகரத்தில் பார்பிக்யூ என்றால் வேறு சங்கதி. மேசைக்கு நடுவிலேயே அடுப்பு, ஆளுக்கு ஒரே விலை, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். இந்த முறையை இந்தியாவில் பிரபலமாக்கிய பார்பிக்யூ நேஷன் 2006ல் மும்பையில் தொடங்கியது. அங்கே கம்பியில் குத்திய கோழி குளிர்பதனப் பெட்டியிலிருந்து வருகிறது, அதற்கென்று ஒரு சமையலறை இருக்கிறது. நம் சாலையோரக் கடைக்காரருக்கு ஒரு தெர்மோகோல் பெட்டியும் அதில் கொஞ்சம் ஐஸும்தான். பண்டம் ஒன்றாக இருக்கலாம். அதைப் பாதுகாக்கிற வசதி ஒன்றல்ல.

தணலில் சுடுவது நமக்கும் புதுசில்லை. அடுப்புத் தணலில் கருவாட்டைச் சுட்டுப் பழைய கஞ்சிக்குத் தொட்டுக்கொண்ட ஊர்தான் இது. பனங்கிழங்கையும் மரவள்ளியையும் சுட்டுத் தின்றிருக்கிறோம். அதையெல்லாம் வீட்டில், வேகும்வரை காத்திருந்து சாப்பிட்டோம். இப்போது சாப்பிடுகிறவர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நிற்கிறார். ஆபத்து அந்த அவசரத்தில்தான் இருக்கிறது.

'பார்டர்' கடை சொல்லும் பாடம்

தென்காசி உணவு என்றால் வெளியூர்க்காரர் வாயில் முதலில் வருவது பார்டர் பரோட்டா. செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூரில், ரோட்டின் மேலேயே இருக்கும் கடைகள். சின்னச் சின்ன பரோட்டா, இலையில் பிச்சுப் போட்டு, மேலே சால்னா ஊற்றி, கூடவே நாட்டுக்கோழியும் காடை வறுவலும்.

இங்கே ஏது பார்டர் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். செங்கோட்டை ஒரு காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோதுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லை மேற்கே மலைக்குப் போய்விட்டது. பேர் மட்டும் பிரானூரிலேயே தங்கிவிட்டது. இன்று அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைகள் இருக்கின்றன.

இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது எந்த விழா மேடையும் இல்லை, சாலையோர அடுப்புதான். ஆண்டுதோறும் சாரல் விழா நடக்கிறது. கலை நிகழ்ச்சி, கொழுகொழு குழந்தைப் போட்டி, கோலப்போட்டி எல்லாம் உண்டு. சந்தோஷம்தான். ஆனால் விழாவுக்கு வருகிறவர் ரெண்டு மணி நேரம் மேடையைப் பார்க்கிறார். மூன்று வேளையும் சாப்பிடுவது வெளியே இருக்கிற கடையில். விழாவின் கண் அந்தக் கடைகள் மேல் போதுமான அளவு படுவதில்லை.

சென்னை, ஆம்பூர் அனுபவம் என்ன?

திருவிழா என்று பெயர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவிக்கப்பட்டது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் உணவுத் திருவிழா நடந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. எதிர்ப்புக்குப் பிறகே மாட்டிறைச்சி உணவு அங்கே வந்தது. ஊர் மக்கள் சாப்பிடுவதை ஊர் விழாவில் ஏன் ஒளிக்க வேண்டும்?

2024 டிசம்பரில் மெரினாவில் நடந்த உணவுத் திருவிழா வேறு மாதிரி. மகளிர் சுய உதவிக் குழுக்களே சமைத்தார்கள், அவர்களே விற்றார்கள். பல மாவட்டத்துப் பண்டங்களுக்குக் கூட்டம் அலைமோதியது.

ஆக, இரண்டு பாடம் கிடைக்கிறது. திருவிழா என்ற பெயர் வந்தால் வசதி வரும். கூடவே, யாரைச் சேர்ப்பது யாரை விடுவது என்று முடிவு செய்கிற வாசல்காரர்களும் வருவார்கள். நமக்கு முதலாவது வேண்டும். இரண்டாவது வரும்போது விழிப்பாக இருக்க வேண்டும்.

கரியில் சுட்டால் கிருமி செத்துவிடாதா?

வெளியே கருகியிருக்கும் கோழி உள்ளேயும் வெந்திருக்கும் என்பது தப்புக்கணக்கு. கோழியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட வேண்டும். அப்போதுதான் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் சாகும். நனைந்த கரி புகையும், சூடு ஏறாது. கூட்டம் வருமுன்பே அரைவேக்காடாகச் சுட்டு வைத்துவிட்டு, ஆர்டர் வந்ததும் மறுபடி தணலில் காட்டிக் கொடுக்கும் பழக்கம் இதைவிட மோசம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிடக்கும் இறைச்சியில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சாரல் காலத்துக் குளிர்ச்சியை நம்பி வெளியே வைப்பது சரிவராது. அந்தக் குளிர்ச்சியும் இந்த அளவுக்குள்தான் அடங்கும்.

இது பயமுறுத்தல் இல்லை. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். 2023 செப்டம்பரில் நம் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது. அல்ஃபாமுக்குத் தொட்டுக்கொள்ளக் கிண்ணத்தில் கொடுத்தது அதைத்தான்.

எண்ணெய் இன்னொரு பிரச்சினை. திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெயில் உடலுக்கு ஆகாத பொருட்கள் சேர்ந்துகொண்டே போகும். அவற்றின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. பழைய எண்ணெயை வாங்கி பயோடீசலாக மாற்றும் திட்டமும் உண்டு. அப்புறம் நிறம். கபாப்களில் செயற்கை நிறம் சேர்ப்பதைக் கர்நாடகம் 2024 ஜூனில் தடை செய்தது. கோழி ரத்தச் சிவப்பாக இருந்தால்தான் மசாலா ஏறியிருக்கு என்ற நம்பிக்கையை நாமும் விட்டுத்தொலைக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

சீசன் தொடங்கும் முன் மே மாதத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். குற்றாலத்திலும் செங்கோட்டை ரோட்டிலும் கடை போடுகிறவர்களை ஓரிடத்தில் கூட்டி, அங்கேயே உணவுப் பாதுகாப்புப் பதிவு செய்து கொடுக்கலாம். ஒரு நாள் பயிற்சி போதும். இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது; கடைக்கு ஒன்று கட்டாயம் என்று சொல்லலாம். பத்துக் கடைக்கு ஒரு குடிநீர்க் குழாய், கை கழுவ இடம், கரியை நனையாமல் வைக்க ஒரு பொதுக் கொட்டகை. வாரத்துக்கு ஒருமுறை பழைய எண்ணெயை எடுத்துப்போக ஒரு வண்டி. ஒவ்வொரு கடையிலும் விலைப்பலகை. இதில் எதுவுமே கோடிக்கணக்கில் செலவு வைக்கிற காரியம் இல்லை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதே இந்த மாதிரி வேலைகளுக்குத் திருநெல்வேலி வரை போகக் கூடாது என்பதற்குத்தானே!

"அதிகாரி வந்தா மாமூலும் வரும். ஏலம் விட்டா வாடகை ஏறும். கடைசியில பெரிய கடைக்காரன்தான் நிப்பான்" என்று பலர் சொல்வார்கள். நியாயமான பயம். நுங்கு விற்கிற அக்காவும், அவித்த கடலைக் கூடையோடு உட்காருகிற ஆச்சியும்தான் முதலில் வெளியே தள்ளப்படுவார்கள். இதற்குத்தான் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். கணக்கெடுப்பு முடியாமல் யாரையும் அகற்றக் கூடாது என்றும் சொல்கிறது. யார் எங்கே கடை போடுவது என்பதை அந்தக் குழு முடிவு செய்யட்டும். ஒப்பந்தக்காரர் கையில் மட்டும் கொடுத்துவிடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. தட்டு வந்ததும் தொடைக்கறியை எலும்பு வரை பிரித்துப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக நீர் கசிந்தால் திருப்பிக் கொடுங்கள்; சண்டை வேண்டாம், "இன்னும் கொஞ்சம் வேகட்டும்" என்றால் போதும். நிறம் மட்டுமே முழு அத்தாட்சி இல்லைதான், ஆனாலும் நம் கையில் இருக்கிற சோதனை அது. கெட்ட வாடை, கறுத்த எண்ணெய் என்று பட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு புகார் அனுப்பலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரப்படுத்தாதீர்கள். அன்றைக்கு நான் அந்தத் தம்பியின் கடையிலேயே நின்றேன். கால் மணி நேரம் என்றவர் இருபது நிமிஷம் ஆக்கினார். கோழி நன்றாகவே வெந்திருந்தது. காசு கொடுக்கும்போது, "நாளைக்கும் இப்படியே சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். "சொல்லணும்னுதான் இருக்கு அண்ணாச்சி. ஆனா நாலு நாள் இப்படியே ஆளு போனா, நானும் சீக்கிரமா எடுத்துக் குடுக்கத்தான் செய்வேன்" என்றார்.

அவர் அந்த முடிவுக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் அடுத்த சீசனுக்குள் நடக்க வேண்டிய வேலை.