தண்ணீர் 60 டிகிரி ஆனதும் தூண்டிலைச் சுருட்டி வைப்போம்

எங்கள் வீட்டு வேலியோரம் ஃபோர்சித்தியா மஞ்சளாகப் பூத்துவிட்டது. அதைப் பார்த்தால் என் மனைவிக்குத் தோட்ட வேலை ஞாபகம் வரும். எனக்கு போட்டோமேக் ஆறு ஞாபகம் வரும். பரணிலிருந்து தூண்டில் கோலை இறக்கி, ரீலைத் துடைத்து, தெர்மாமீட்டரைத் தேட ஆரம்பித்துவிடுவேன். "இந்தக் குளிர்ல எந்த மீன் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு?" என்று அவள் வருடா வருடம் கேட்பாள். ஒரு மீன் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்மால்மவுத் பாஸ்.

ஃபிரெடரிக், ஜெர்மன்டவுன் பக்கம் இருக்கும் என் வயதுக்காரர்கள் பலர் இனிமேல் கால்வாய்ப் பாதையில் காலை நடைக்குக் கிளம்புவீர்கள். சிலர் கையில் தூண்டிலும் இருக்கும். இந்தப் பதிவு முக்கியமாக அவர்களுக்கு. சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்ச்சிலும் ஏப்ரலிலும் இந்த மீனைத் தாராளமாகப் பிடியுங்கள், பிடித்ததை விட்டுவிடுங்கள். ஆற்றுத் தண்ணீர் 60 டிகிரியைத் தொட்டதும் ஜூன் பாதிவரை அதன் பக்கமே போகாதீர்கள். சட்டம் இவ்வளவு கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

இந்த மீனைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். வெண்கல நிறம், சிவந்த கண், உடம்பில் குறுக்குக் கோடுகள். கையளவு மீன்கூட ஓடும் தண்ணீரில் நின்று இழுத்தால் நம் மணிக்கட்டு வலிக்கும். இது போட்டோமேக்கின் பூர்வகுடி அல்ல. ஒஹாயோ ஆற்றுப் பக்கத்து மீன். 1854இல் வீலிங் ஊரிலிருந்து சில மீன்களை ரயில் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக்கொண்டு வந்து, கம்பர்லண்டில் கால்வாயில் விட்டார்கள். அங்கிருந்து ஆற்றில் இறங்கிப் பெருகியவைதான் இன்று நாம் பிடிப்பவை.

குளிர்காலம் முழுக்க இவை ஆழமான மடுக்களில் அசையாமல் கிடக்கும். தண்ணீர் 45 டிகிரியைத் தாண்டி 50ஐ நெருங்கும்போதுதான் பசி எடுக்கும். மார்ச் கடைசியில் காலையில் போய்ப் பயன் இல்லை. நாலு மணி நேரம் வெயில் காய்ந்த பிறகு, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போனால் போதும். நம்மைப் போன்ற ஓய்வுபெற்றவர்களுக்கென்றே வைத்த நேரம்! பாறைக்குப் பின்னாலும் தீவின் கீழ்முனையிலும், ஓட்டமான தண்ணீரும் நின்ற தண்ணீரும் உரசும் கோட்டில் தேடுங்கள். அடிவரை மூழ்கும் நரம்பு போட்டு, ஃப்ளையைத் தரையோடு தரையாக மிக மெதுவாக இழுக்க வேண்டும். மீன் துரத்தி வராது. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்ளும்.

நான் கட்டுவது பெரும்பாலும் கிளவுசர் மின்னோதான். மான் வால் முடியும் ஈயக் கண்ணும் வைத்துக் கட்டும் எளிய ஃப்ளை. பென்சில்வேனியாவின் பாப் கிளவுசர் சஸ்குவெஹானா ஆற்று ஸ்மால்மவுத்துக்காகவே இதை உருவாக்கினார். அதற்குப் பெயர் வைத்து உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தவர் நம் ஃபிரெடரிக்கில் 1925இல் பிறந்த லெஃப்டி கிரே. கண் சரியாகத் தெரியாத எனக்கே பத்து நிமிடத்தில் ஒன்று கட்ட முடிகிறது.

ஏப்ரல் நடுவில் பாதையோரம் நீலப் புளூபெல் பூக்கள் கம்பளம் விரித்த மாதிரி இருக்கும். அவை வாடும் சமயத்தில் ஆறு 60 டிகிரிக்கு வந்துவிடும். அப்போது ஆண் மீன் கரையோரத்து ஆழமில்லாத சரளைக்கு வரும். வாலால் மண்ணையும் பாசியையும் விலக்கி, தாம்பாளம் போல வட்டமாக ஒரு கூடு செய்யும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு எல்லாம் அப்பா பொறுப்பு. முட்டையின் மேல் வண்டல் படியாமல் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். பொரித்துக் கறுப்புக் கறுப்பாக மேலே எழும் குஞ்சுகளையும் கூடவே இருந்து காக்கும். இந்த நாட்களில் அது சாப்பிடுவது மிகக் குறைவு. கிட்டே வரும் எதையும் கடிக்கும். அது பசிக் கடி இல்லை. திருடனை விரட்டும் கடி.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுமார் இருபது வருடத்துக்கு முன்னால், மே முதல் வாரம், பன்னிரண்டு வயது மகனோடு பிரன்ஸ்விக்குக்குக் கீழே ஆற்றில் இறங்கினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வெளுத்த வட்டம் ஒன்று, அதன் நடுவில் பெரிய மீன். முதல் வீச்சிலேயே கவ்விவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அளந்தேன், 18 அங்குலம். அந்த அளவுக்கு வளர இந்த ஆற்றில் பத்து வருடம்கூட ஆகலாம். மகன் கையில் கொடுத்து ஒரு போட்டோ, என் கையில் வைத்து ஒரு போட்டோ. மூன்று நிமிடம் ஆகியிருக்கும். பிறகு நல்ல பிள்ளையாகத் தண்ணீரில் விட்டேன்.

"அப்பா, அங்க பாருங்க" என்றான் மகன். அந்த வட்டத்துக்குள் ஆறேழு சன்ஃபிஷ் தலைகுப்புற நின்று மேய்ந்துகொண்டிருந்தன. நாங்கள் கல்லை எறிந்தோம், கையைத் தட்டினோம். போய்ப் போய்த் திரும்பி வந்தன. விட்ட மீன் கீழ்நோக்கிப் போனது. நாங்கள் நின்ற அரை மணி நேரத்தில் அது திரும்பவில்லை. "அது அதோட வீடாப்பா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அன்றைக்கு அதற்குப் பிறகு அவன் தூண்டிலைத் தொடவில்லை. அந்த போட்டோ இன்னும் எங்கள் ஆல்பத்தில் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைச் சீக்கிரமாகப் புரட்டிவிடுவேன்.

மேரிலாந்துச் சட்டப்படி நான் செய்ததில் தவறே இல்லை. மார்ச் 1 முதல் ஜூன் 15 வரை மேல் போட்டோமேக்கில் பிடிக்கும் பாஸைத் திருப்பி விட வேண்டும், அவ்வளவுதான். மீன் பிழைக்க அது போதும். கூடு பிழைக்கப் போதாது. வடக்கே சஸ்குவெஹானாவில் 2005இல் குஞ்சு பாஸ் மீன்கள் நோயில் ஏராளமாகச் செத்தன. அதன் பிறகு பென்சில்வேனியாக்காரர்கள் ஆற்றின் கீழ்ப்பகுதியில் மே தொடக்கம் முதல் ஜூன் நடுவரை பாஸைக் குறிவைத்துத் தூண்டில் போடவே கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். அடி பட்ட பிறகு வந்த புத்தி. நாம் அடி படும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

நம் ஆற்றுக்கும் அடி விழாமல் இல்லை. 2003இல் போட்டோமேக்கின் தெற்குக் கிளையில் ஆண் ஸ்மால்மவுத்களின் விரையில் முட்டை அணுக்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மே, ஜூனில் பெருமழை பெய்து ஆறு ஏறினால் அந்த வருடத்துக் குஞ்சுகள் அடித்துக்கொண்டு போய்விடும். மழையை நம்மால் நிறுத்த முடியாது. நம் தூண்டிலை நிறுத்த முடியும்.

சென்ற வாரம் நண்பர் ஒருவரோடு இதைப் பற்றிப் பேசினேன். "நான் ஒருத்தன் ரெண்டு மீனைப் பிடிச்சு விடறதால ஆறு வத்திடுமா, சார்?" என்றார். வற்றாது. ஆனால் நல்ல வெயிலடிக்கும் சனிக்கிழமை பாயின்ட் ஆஃப் ராக்ஸ் படகுத்துறையில் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரும் அந்த ஒருத்தர்தான். பிறகு அவர், "இது எங்கேயிருந்தோ கொண்டுவந்து விட்ட மீன்தானே" என்றார். நான் சிரித்துவிட்டேன். அது வந்து நூற்றெழுபது வருடம் ஆகிறது. இரண்டு சூட்கேஸோடு டல்லஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாமா அந்தக் கேள்வியைக் கேட்பது?

எனக்கு இதில் என் தாத்தா சொன்னதுதான் கடைசி வார்த்தை. திருவையாற்றுப் பக்கம் எங்கள் ஊர்க் குளத்தில் விரால் உண்டு. விராலும் குஞ்சுகளைக் கூட்டமாக வைத்துக் காக்கும் மீன். குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேல் சிவப்பாகக் கொப்பளிக்கும். அதற்கு நடுவில் தூண்டிலைப் போட்டால் தாய் தகப்பன் உடனே சிக்கும், சின்னப் பிள்ளைகூடப் பிடிக்கலாம். தாத்தா விரால் குழம்புக்கு உயிரை விடுவார். ஆனாலும் அந்த நாட்களில் எங்களைக் குளத்தங்கரையில் பார்த்தால் கம்பை எடுத்துக்கொண்டு வருவார். "புள்ளகுட்டியோட இருக்கறப்ப புடிக்கறது ஒரு புடியாடா?" என்பார். அவர் எந்த ஆராய்ச்சியும் படித்தவர் இல்லை. அதை மறந்துவிட்டு இங்கே வந்து நான் செய்ததுதான் பிரன்ஸ்விக் கதை.

ஆகவே தூண்டில் பெட்டியில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள், பிறகு நரம்பை வீசுங்கள். மே மாதம் கை அரித்தால் வாஷிங்டன் ஃபிளெட்சர்ஸ் கோவில் ஷாட் மீன் ஏறி வந்திருக்கும், அங்கே போகலாம். மார்ச், ஏப்ரலில் ஆறு பனிக்கட்டி மாதிரி இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். நம் வயதில் தனியாக இறங்காதீர்கள். ஊன்ற ஒரு கோலும் லைஃப் ஜாக்கெட்டும் கட்டாயம்.

மகனுக்கு இப்போது ஒரு பையன் இருக்கிறான், ஆறு வயது. போன மே மாதம் அவனைத் தூண்டில் இல்லாமல் ஆற்றுக்குக் கூட்டிப்போனேன். கரைப் பாறையில் குப்புறப் படுத்து, ஒரு அப்பா மீன் தன் கூட்டைச் சுற்றிச் சுற்றி வருவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சன்ஃபிஷ் கிட்டே வந்தது. அது பாய்ந்து விரட்டியது. பேரன் கை தட்டினான்.