அறுப்புக் கூடத்தை மூடினால் யாருக்கு நன்மை?



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் நாட்களில் அறுப்புக் கூடங்களுக்கு எதிரான மனுக்களும் முழக்கங்களும் எழுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. விலங்கு நலம் பேசுவோர் அனைவரையும் நம் மார்க்கத்தின் எதிரிகள் என்று எண்ணிவிடுவது எளிது. அவர்களுள் அரசியல் நோக்கம் உடையோர் உண்டு. வாயில்லா உயிரின் துன்பம் கண்டு உள்ளபடியே வருந்துவோரும் உண்டு. இரு சாராருக்கும் நம் விடை ஒன்றே: கூடத்தை மூடுவதால் அறுப்பு நிற்பதில்லை, இடம் மட்டுமே மாறுகிறது. முறையான கூடம் இருந்தால்தான் விலங்கின் துன்பம் குறையும்.

இதற்குத் தில்லியின் ஈத்கா அறுப்புக் கூடமே சான்று. அதற்கெதிராக மேனகா காந்தி தொடுத்த வழக்கு 1990களில் நெடுங்காலம் நடந்தது. அங்கு நிலவிய அசுத்தமும் நெரிசலும் பொய்யான புகார்கள் அல்ல. நாளொன்றுக்கு 2,500 விலங்குகளுக்கு மேல் அறுக்கலாகாது என்று நீதிமன்றம் வரம்பிட்டது. மாநகரத்தின் தேவையோ அதனினும் பன்மடங்கு. எஞ்சிய அறுப்பு, மருத்துவரும் அதிகாரியும் எட்டிப் பார்க்காத சந்துகளுக்குச் சென்றது. 2009இல் காஸிப்பூரில் நவீனக் கூடம் திறக்கப்பட்ட பிறகே ஈத்கா கூடம் அங்கு இடம்பெயர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் விலங்குகளுக்கு என்ன நன்மை விளைந்தது என்பதை மனுதாரர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

உத்தரப் பிரதேசத்தில் 2017ஆம் ஆண்டு ஆட்சி மாறியதும் உரிமம் இல்லை என்று கூறி கூடங்களும் கடைகளும் மூடப்பட்டன. உரிமம் தர வேண்டிய உள்ளாட்சிகளோ கூடம் கட்டித் தரவில்லை. அவ்வாண்டு மே மாதம் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு இதைச் சுட்டிக்காட்டி, அரசு தன் கடமையைச் செய்யாதிருந்ததைக் காரணமாக்கி மக்களின் உணவையும் தொழிலையும் தடுக்க முடியாது என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. கூடம் அமைத்துத் தருவது உள்ளாட்சியின் பொறுப்பு என்பதே நாம் அதிலிருந்து பெற வேண்டிய பாடம்.

இது முஸ்லிம்களின் பிரச்சினை மட்டும் என்று கருதுவதும் தவறு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் நாம் 6 விழுக்காட்டுக்கும் குறைவு. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்போ, இம்மாநிலத்தில் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இறைச்சி உண்பவர்கள் என்கிறது. 2003இல் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை அரசு கடுமையாக நடைமுறைப்படுத்த முனைந்தபோது, கிராம தெய்வங்களுக்குக் கிடா வெட்டும் மக்கள் மனம் புண்பட்டனர். மறு ஆண்டே அச்சட்டம் நீக்கப்பட்டது. அதே வேளையில், புலால் மறுத்தலுக்குத் திருக்குறள் ஓர் அதிகாரத்தையே தந்திருக்கிறது. இறைச்சி உண்ணாதோரின் கொள்கையை நாம் மதிக்கிறோம். தம் கொள்கையைப் பிறர் தட்டின் மீது சுமத்தாதிருப்பதே அவர்களிடம் நாம் வேண்டுவது.

காவிரிப் படுகையில் நெல்லும் ஆடும் பிரிக்க முடியாதவை. சம்பா அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளிலிருந்து கீதாரிகள் மந்தைகளை ஓட்டிவந்து வயல்களில் கிடை போடுகிறார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரமாகின்றன. நிலக்காரர் அதற்குக் கூலி தருகிறார். ஆனால் மந்தையைக் காப்பாற்றும் வருமானம் கிடாக் குட்டிகளை விற்பதில்தான் இருக்கிறது. வாங்குவோர் இல்லையெனில் மந்தை இல்லை. மந்தை இல்லையெனில் கிடையும் இல்லை.

சட்டமும் நம் உணவுக்கு எதிராக நிற்கவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஒரு சமயத்தார் தம் மார்க்க முறைப்படி அறுப்பதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. அதே சட்டத்தின்கீழ் 2001இல் வந்த விதிகள், நகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற கூடத்தில்தான் அறுக்க வேண்டும் என்கின்றன. சினை ஆட்டையும் மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியையும் அறுக்கக் கூடாது. கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். ஒரு விலங்கின் கண்முன் மற்றொன்றை அறுக்கக் கூடாது. ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 விலங்குகளுக்கு மேல் சோதிக்கலாகாது என்று எண்ணிக்கை வரையறையும் உண்டு.

இவ்விதிகளைப் படிக்கும்போது நமக்குப் பழகிய போதனைகளே நினைவுக்கு வருகின்றன. எல்லாவற்றிலும் அழகிய முறையை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்றும், அறுக்கும்போது கத்தியைத் தீட்டி விலங்கின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஆட்டைக் கிடத்திவிட்டு அதன் கண்ணெதிரே கத்தி தீட்டியவரைக் கண்டித்தார்கள். அறுப்பின் ஒழுங்கைப் பதினான்கு நூற்றாண்டுகளாக ஓதிவருகிறவர்கள் நாம். நம் நகராட்சிகளின் ஏடுகளிலோ அறுப்பிடத்தின் பெயர் இன்னும் 'ஆடு வதைக்கூடம்'. வதை என்ற அச்சொல் பொய்யென்று காட்ட வேண்டியது நம் செயலே.

ஆகவே அதிராம்பட்டினம், இராஜகிரி, பண்டாரவாடை, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை என நம் ஊர் ஜமாஅத்துகளுக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, கூடத்தை மூடும் மனு வரும்வரை காத்திராமல், முறையான கூடம் கேட்டு நாமே மனுக் கொடுப்போம். தண்ணீர், கழிவு வடிகால், மறைப்புச் சுவர், மருத்துவர் ஆகிய நான்கும் அதில் இடம்பெறட்டும்.

இரண்டாவது, குர்பானிக் கழிவுகள். 2025இல் பெருநாள் ஜூன் 7இல் வந்தது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, ஜூன் 15இல் கல்லணையிலிருந்து குறுவைக்குத் தண்ணீர் பாய்ந்தது. வாய்க்காலில் வீசப்படும் குடலும் கழிவும் அந்தப் புதுத் தண்ணீரோடு உழவர்களின் நாற்றங்காலுக்கே போகும். தோலின் விலை வீழ்ந்துவிட்டதால் அதையும் வீசிவிடும் நிலை இருக்கிறது. ஒவ்வொரு முஹல்லாவும் ஆழக் குழி தோண்டி, கழிவுகளைச் சேகரிக்கப் பெருநாளுக்கு முன்பே ஆட்களை அமர்த்த வேண்டும்.

மூன்றாவது, தெருவில் எல்லோர் பார்வையிலும் அறுப்பதையும், அதைப் படமெடுத்துக் கைப்பேசியில் பரப்புவதையும் விட்டொழிப்போம். பிற சமயத்து அண்டை வீட்டாரின் மனத்தைப் புண்படுத்துவது வணக்கம் ஆகாது. வாகனத்தில் ஆடுகளை அடைத்துத் திணித்து, தண்ணீர் காட்டாமல் கொண்டுவருவோரிடம் வாங்கவும் வேண்டாம்.

அல்லாஹ்வைச் சென்றடைவது மாமிசமும் இரத்தமும் அல்ல, நம் இறையச்சமே என்பது திருக்குர்ஆனின் போதனை. அந்த இறையச்சம் கத்தி பிடிக்கும் கையிலும், கழிவைப் புதைக்கும் கையிலும் தெரிய வேண்டும். அவ்வாறு நடந்தால், இன்ஷா அல்லாஹ், கூடத்தை மூடச் சொல்லி வருவோரிடமும் நாம் தலைநிமிர்ந்து பேசலாம்.